அதே பதினொருவர்

2020 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14 ஆம் நாள் இரவு. பெரம்பலூரில் என் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டியின் முன் என் தம்பியின் மகன் அமர்ந்திருந்தான். அப்போது அவன் பொறியியற் கல்லூரி மாணவன். நீல நிறச் சட்டை ஒன்றை அணிந்திருந்தான். அச்சட்டையைத் துவைப்பதற்குக்கூட அவன் தன் தாயிடம் கொடுப்பதில்லை. கோவாவிலுள்ள ஃபத்தோர்தா அரங்கில் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துப் போட்டியின் இறுதியாட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் சென்னையின் எஃப்.சி. என்னும் அணி, மறுபக்கம் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணி. கொரோனா நோய் பரவத் தொடங்கிய வேளையாதலால் பார்வையாளர் ஒருவரையும் உள்ளே விடவில்லை. ஆயிரக்கணக்கான நாற்காலிகள் வெறுமையாகக் கிடக்க, ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூவி அழைக்கும் குரல் தெளிவாகக் கேட்டது.

சென்னை அணி 3க்கு 1 என்ற கணக்கில் தோற்றது. ஆட்டம் முடிந்ததற்கு அடையாளமாக ஊதல் ஒலித்ததும் என் தம்பி மகன் எழுந்து நின்றான். எழுந்து நின்று கைதட்டினான். ஆளில்லாத அரங்கிலும் கைதட்டல் இல்லை, எங்கள் தெருவிலும் இல்லை. அவன் ஒருவன் மட்டும் தட்டிக்கொண்டிருந்தான். கண்களில் நீர் வேறு.

“தோற்றுப்போனதற்கா தம்பி கைதட்டுகிறாய்?” என்று கேட்டேன்.

“பெரியப்பா, டிசம்பர் மாதத்தில் நாங்கள் எங்கே கிடந்தோம் என்று உங்களுக்குத் தெரியாது” என்றான்.

அவன் ‘நாங்கள்’ என்று சொன்னதை நான் கவனித்தேன். பந்தை அவன் காலால் தொட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். ஆயினும் ‘நாங்கள்’ என்றான்.

நேயர்களே, ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளிகளிலேயே வாழ்நாளைக் கழித்தவன் நான். கால்பந்தாட்டத்தின் நுணுக்கங்களைப் பேசும் தகுதி எனக்குக் கிடையாது. ஆனால், டிசம்பரில் அவர்கள் எங்கே கிடந்தார்கள் என்பதை மறுநாளே விசாரித்து அறிந்தேன். அறிந்த பின், அது விளையாட்டைப் பற்றிய செய்தியாக மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

முதலில் அவ்வணியின் பெயரைப் பற்றி ஒரு சொல். ‘சென்னையின்’ என்று ஓர் அணிக்குப் பெயர் வைத்தவர் எவராயினும் அவருக்கு என் பாராட்டு. ‘இன்’ சாரியை பெற்று, ‘சென்னையினுடைய’ என்று பொருள் தரும் சொல் அது. யாருடைய அணி என்று கேட்டால் பெயரே விடை சொல்லிவிடுகிறது. இலக்கண வகுப்பில் உறங்கும் மாணவர்களுக்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

இனிச் செய்திக்கு வருகிறேன். 2018 ஆம் ஆண்டில் இவ்வணி கோப்பையை வென்றது. அப்போது அதன் பயிற்சியாளர் ஜான் கிரெகரி என்னும் ஆங்கிலேயர். அடுத்த பருவத்திலேயே அணி கடைசி இடத்திற்கு இறங்கிற்று. 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள்தாம். 2019 ஆம் ஆண்டு அக்டோபரில் அதற்கடுத்த பருவம் தொடங்கியபோது நிலைமை இன்னும் இரங்கத்தக்கதாக இருந்தது. முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. ஆறு ஆட்டங்கள் முடிந்தபோது ஒரே ஒரு வெற்றி, 5 புள்ளிகள். நவம்பர் முடிவில் கிரெகரி விலகிக்கொண்டார். கோப்பையைக் கொணர்ந்து கொடுத்த மனிதரை இந்த நிலையில் பலரும் ஏளனம் செய்தனர்; என் தம்பி மகனும் செய்தான் என்று பிறகு ஒப்புக்கொண்டான். அது அவனுக்கு அழகன்று என்று சொன்னேன். கேட்டுக்கொண்டான்.

டிசம்பர்த் தொடக்கத்தில் ஓவன் காயில் என்பவர் பயிற்சியாளராக வந்து சேர்ந்தார். இவர் ஸ்காத்லாந்தில் பிறந்தவர். இங்கிலாந்தின் வடபகுதியில் பர்ன்லி என்று ஒரு நகரம் உண்டு. முன்னாளில் பருத்தி ஆலைகளால் வாழ்ந்து, ஆலைகள் மூடிய பின் தளர்ந்துபோன ஊர். அவ்வூர்க் குழுவை 2009 ஆம் ஆண்டில், 33 ஆண்டுகளுக்குப் பின், அந்நாட்டின் முதல்தரப் போட்டிக்கு ஏற்றிவைத்தவர் காயில். அவ்வூரார் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினர். ஆனால் சில திங்களுக்குள், 2010 சனவரியில், அவர் பக்கத்துப் போல்ட்டன் குழுவுக்குப் போய்விட்டார். கொண்டாடிய வாய்களே துரோகி என்று தூற்றின. அதன்பின் அவருக்கும் இறங்குமுகந்தான். போல்ட்டன் குழு கீழ்த்தரப் போட்டிக்கு இறங்கியது, அவர் நீக்கப்பட்டார். விகன், பிளாக்பர்ன் ஆகிய இடங்களிலும் நீண்ட நாள் நிலைக்கவில்லை. ஆக, சரிந்து கிடந்த ஓர் அணிக்குச் சரிவை அறிந்த ஒருவர் ஆசானாக வந்தார் எனலாம்.

வந்தவர் செய்ததைக் கணக்காகப் பார்ப்போம். கணக்குப் பாடம் நடத்தியவன் ஆதலால் எனக்கு எண்களில் ஒரு நம்பிக்கை உண்டு. அவர் வருவதற்கு முன் ஆறு ஆட்டங்களில் அணி போட்ட கோல்கள் 4. அவர் வந்த பின் லீகின் எஞ்சிய 12 ஆட்டங்களில் போட்டவை 28. இவ்விரண்டு எண்களுக்கும் இடையே, புதிய ஆட்டக்காரர்களை ஒரு கூட்டமாக விலைக்கு வாங்கி வந்திருப்பார்கள் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. பெரும்பாலும் அதே பதினொருவர். லித்துவேனியாவின் வால்ஸ்கிஸ், பிரேசிலின் கிரிவெல்லாரோ, ருமேனியாவின் கோயான், மிசோரத்தின் சாங்தே, உத்தராகண்டத்தின் அனிருத் தாபா, நம் தமிழ்நாட்டு எட்வின் வான்ஸ்பால் என்று அக்டோபரில் இருந்தவர்களே பிப்ரவரியிலும் இருந்தனர். அதே கால்கள், அதே பந்து.

மருந்து உடனே பலித்துவிட்டதென்றும் எண்ண வேண்டா. காயிலின் முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு வெற்றி, ஒரு சமன், இரண்டு தோல்வி. சொந்த அரங்கில் கோவா அணியிடம் 3க்கு 4 என்று தோற்றனர். 10 ஆட்டங்கள் முடிந்தபோது மொத்தம் 9 புள்ளிகள். பத்து அணிகளில் முதல் நான்கு அணிகளுக்கே அரையிறுதியில் இடம் என்பது போட்டியின் அப்போதைய விதி; அந்த நிலையில் அதைப் பற்றிப் பேசியிருந்தால் கேட்டவர் சிரித்திருப்பார். ஆனால் நேரு விளையாட்டரங்கில் ‘பி’ பகுதியில் அமர்ந்து, ‘பி ஸ்டாண்ட் புளூஸ்’ என்று தங்களுக்குப் பெயர் சூட்டிக்கொண்டிருந்த இளைஞர்கள் அந்த நாட்களிலும் வந்து பறை கொட்டிக்கொண்டிருந்தனர். என் தம்பி மகன் ஒருமுறை அரியலூரில் ரயிலேறிச் சென்று அவர்களோடு அமர்ந்து வந்தான். அதுவும் தோற்ற ஆட்டம். கோவாவிடம் தோற்றேன் என்றேனே, அதுதான். “தோற்றாலும் மூன்று கோல் போட்டோம் பெரியப்பா, முன்பெல்லாம் பந்து அந்தப் பக்கமே போகாது” என்று அவன் அன்றே சொன்னானாம். எனக்கு நினைவில்லை. நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்திருப்பேன்.

அதன்பின் எட்டு ஆட்டங்கள். ஆறு வெற்றி, இரண்டு சமன், தோல்வியே இல்லை. கொச்சியில் கேரள அணியை 6க்கு 3 என்று வென்றனர். கொல்கத்தாவில் ஏ.டி.கே.யை அதன் சொந்த அரங்கிலேயே 3க்கு 1 என்று வென்றனர். 29 புள்ளிகளோடு நான்காம் இடம் பிடித்து அரையிறுதிக்குள் நுழைந்தனர். அங்கே எதிரி அதே கோவா அணி. சென்னையில் 4க்கு 1 என்று வெற்றி. கோவாவில் 2க்கு 4 என்று தோல்வி. இரண்டும் கூட்டினால் 6க்கு 5. நூலிழையில் இறுதியாட்டம் சேர்ந்தனர். முதல் ஆறு ஆட்டங்களில் ஒரு கோலும் போடாதிருந்த சாங்தே, அரையிறுதியின் இரண்டு ஆட்டங்களிலும் கோல் போட்டார். நான்கு ஆட்டங்களில் கோலையே காணாத அணியில் இருந்த வால்ஸ்கிஸ், பருவ முடிவில் 15 கோல்களோடு தங்கக் காலணிப் பரிசு பெற்றார்.

இவர்களுக்கு அந்த மனிதர் என்ன சொல்லிக் கொடுத்தார்? ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் வளர்ந்தவர்களுக்குப் பந்தை உதைப்பது எப்படி என்று எவரும் கற்றுத்தர வேண்டுவதில்லை. பின்வாங்கித் தற்காத்துக்கொண்டு நின்ற அணியை முன்னேறித் தாக்க விட்டார் என்பர் ஆட்டமறிந்தோர். அப்படி ஆடினால் எதிரியும் கோல் போடுவான், போட்டான். அதைப் பொறுத்துக்கொண்டார். நாலு கோல் வாங்கித் தோற்ற அன்றைக்கும் தம் ஆட்டக்காரர்களை மீண்டும் பதுங்கச் சொல்லவில்லை. எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. தவறு செய்த மாணவனை மறுநாளும் கரும்பலகைக்கு அழைக்கும் துணிவு எல்லா ஆசிரியர்க்கும் வருவதில்லை.

ஆசிரியர் என்றதும், பள்ளி ஆசிரியராகவே இருந்து நாட்டின் கால்பந்தை உயர்த்திய ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரகீம். 1909 இல் பிறந்தவர். பள்ளிகளில் பாடம் நடத்தியவர். பிறகு உடற்பயிற்சிக் கல்வியில் தேர்ச்சி பெற்றவர். 1950 முதல் ஐதராபாத் நகரக் காவல்துறை அணியைப் பயிற்றினார். அவ்வணி 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது. இந்திய அணியின் பொறுப்பும் அவரிடமே வந்தது. 1952 இல் எல்சிங்கி ஒலிம்பிக்கில், பலர் வெறுங்காலோடு ஆடிய இந்திய அணி, யூகோசுலாவியாவிடம் 10க்கு 1 என்று தோற்றது. பத்துக்கு ஒன்று! அதே ரகீமின் பயிற்சியில் இந்தியா 1956 இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது.

அவர் கையாண்ட முறைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். வலக்காலால் உதைத்தே பழகியவர்கள் இடக்காலால் மட்டுமே ஆட வேண்டும் என்று விதி வைத்துச் சிறுவர்க்குப் போட்டிகள் நடத்தினார். பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓடக்கூடாது, உடனே தோழனுக்குத் தள்ள வேண்டும் என்று விதி வைத்தும் நடத்தினார். இது கலப்படமற்ற வகுப்பறை உத்தி. மாணவனுடைய பலவீனத்தைக் கண்டிப்பதற்கு மாறாக அதற்கென்றே ஒரு விளையாட்டு அமைத்துவிடுகிறார்! 1962 இல் சகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் முதல் ஆட்டத்தில் இந்தியா தென் கொரியாவிடம் 2க்கு 0 என்று தோற்றது. செப்டம்பர் 4 ஆம் நாள் இறுதியாட்டத்தில் அதே தென் கொரியாவை 2க்கு 1 என்று வென்று தங்கம் பெற்றது. அன்று கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். முன்னணியில் ஆடியவர்களுள் ஒருவர் பலராம். இருவரும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். அப்போதே புற்றுநோய் ரகீமின் உடலை அரித்துக்கொண்டிருந்தது. 1963 சூன் 11 இல் மறைந்தார். அறுபது ஆண்டு கழித்து, 2024 இல், அவரைப் பற்றி இந்தியில் ஒரு திரைப்படம் வந்த பிறகே அவர் பெயரை நம் மாணவர் பலர் கேள்விப்பட்டனர்.

காயிலைப் பற்றியும் ரகீமைப் பற்றியும் நான் இவ்வளவு தேடிப் படித்ததற்குக் காரணம் வேறொன்று. அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிப்பது நேர்மையாகாது.

2004 ஆம் ஆண்டு. செந்துறைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியனாக இருந்தேன். அப்போது அரியலூர்ப் பகுதி முழுவதும் பெரம்பலூர் மாவட்டத்திற்குள் அடங்கியிருந்தது. 2007 இல்தான் அது மீண்டும் தனி மாவட்டமாயிற்று. எங்கள் பள்ளிக் கால்பந்து அணி குறுவட்டப் போட்டிகளில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பியது. கடைசி முறை ஏழு கோல். இனி அணியை அனுப்புவதில்லை, பேருந்துக் கட்டணம் வீண் என்று நான் முடிவு செய்திருந்தேன். விளையாட்டு நேரத்தைக் கணக்குப் பாடத்திற்கு எடுத்துக்கொள்ளும் பழக்கமும் என்னிடம் இருந்தது. தேர்ச்சி விழுக்காடு என்னும் பூதம் எங்களையெல்லாம் ஆட்டிவைத்த காலம் அது.

அந்தச் சூன் மாதம் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் மாறுதலில் வந்தார். இளைஞர், மெல்லிய குரல். முதல் வாரமே என் அறைக்கு வந்து இரண்டு கேட்டார். ஒன்று, மாலைக் கடைசிப் பாடவேளையை அவரிடமே விட்டுவிட வேண்டும். மற்றொன்று, ஏழு கோல் வாங்கிய பையன்களின் பெயர்ப் பட்டியல். “அவர்களா? வேறு பையன்களைத் தேர்ந்தெடுங்கள் சார்” என்றேன். “அவர்களே போதும் ஐயா” என்றார்.

எங்கள் மைதானம் கரிசல் நிலம். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் வெடிப்பு. சுற்றிலும் சீமைக்கருவேல முள். வாரம் ஒரு முறை பந்து காற்றுப் போகும். ஒரு கோல் கம்பம் சாய்ந்தே நிற்கும். ஓட முடியாதவன் என்று கோலில் நிறுத்தப்பட்டிருந்த பையன் ஒருவன். ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளை. பந்து எங்கே போய் விழும் என்பதை அவன் முன்கூட்டியே கத்துவதையும், அது பெரும்பாலும் சரியாக இருப்பதையும் அந்த ஆசிரியர் கவனித்தார். மூன்றாண்டாக அவன் கத்திக்கொண்டுதான் இருந்தான். நாங்கள் அதைக் கூச்சல் என்று எண்ணியிருந்தோம். அவனைத் தற்காப்பு வரிசையின் நடுவில் நிறுத்தித் தலைவனாகவும் ஆக்கினார். அவன் ஓடவில்லை, நின்ற இடத்திலிருந்தே மற்றவர்களை ஓடவைத்தான்.

அவ்வாண்டு எங்கள் அணி குறுவட்ட இறுதியாட்டம் வரை சென்று ஒரு கோலில் தோற்றது. பேருந்து ஊருக்குள் வந்தபோது பெற்றோர்களும் பிள்ளைகளும் சாலையில் நின்றிருந்தனர். தோற்ற அணிக்கு வரவேற்பு! பையன்கள் ஆசிரியரைத் தோளில் தூக்கிக்கொண்டனர். அவர் வேண்டாம் வேண்டாம் என்று கூச்சத்தோடு நெளிந்துகொண்டிருந்தார்.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நான் பேசினேன். பள்ளியின் பெருமை, மாணவரின் உழைப்பு, ஊர்ப் பெரியோரின் ஆதரவு என்று இரண்டு நிமிடம். அந்த ஆசிரியரின் பெயரைச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. இருபது ஆண்டுக்கு மேல் ஆசிரியனாக இருந்த என்னை எந்தப் பிள்ளையும் தோளில் தூக்கியதில்லை. அந்த எரிச்சல்தான் காரணம். பையன்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது இன்றும் என் கண்முன் நிற்கிறது. இரண்டாண்டு கழித்து அவருக்கு மாறுதல் வந்தது. பேருந்து நிறுத்தத்தில் வழியனுப்ப நாற்பது பிள்ளைகள் கூடினராம். நான் அறைக்குள் அமர்ந்து சம்பளப் பட்டியலில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தேன்.

வெற்றிக் கோப்பை கொண்டுவராத ஒருவரை அந்தப் பிள்ளைகள் ஏன் அப்படிப் போற்றினர் என்பதை, பதினாறு ஆண்டுகள் சென்று, என் தம்பி மகன் ஆளில்லாத அரங்கைப் பார்த்துக் கைதட்டிய இரவில்தான் நான் விளங்கிக்கொண்டேன். ஏழு கோல் வாங்கியவர்கள் என்று நான் எழுதி வைத்திருந்த அந்தப் பெயர்களை அவர் வேறு விதமாகப் படித்தார். தங்களைப் பற்றித் தாங்களே கைவிட்டிருந்த ஓர் எண்ணத்தை ஒருவர் திருப்பிக் கொடுத்தால், பிள்ளைகள் அவரை மறப்பதில்லை போலும். அரங்கில் அமர்ந்து ‘நாங்கள்’ என்று சொல்லும் இளைஞர்களுக்கும் அப்படித்தான்.

காயிலின் கதை அத்துடன் முடியவில்லை. அவர் சென்னையை விட்டுச் சாம்ஷெட்பூர் அணிக்குச் சென்று, 2021–22 ஆம் பருவத்தில் அதை லீகில் முதலிடத்திற்கு உயர்த்தினார். 2023 இல் மீண்டும் சென்னைக்கே வந்தார். முதலாண்டு ஆறாமிடம்; அடுத்த ஆண்டு பட்டியலின் அடிப்பகுதி. பழைய மந்திரம் இம்முறை பலிக்கவில்லை. பிறகு விடைபெற்றுச் சென்றார். பர்ன்லியில் நடந்தது போல் இங்கும் தூற்றுவார்களோ என்று என் தம்பி மகனைக் கேட்டேன். இப்போது அவன் சென்னையில் வேலை பார்க்கிறான். ஆட்டங்களுக்கு மின்ரயிலிலேயே போய்விடுகிறான். “சிலர் திட்டினார்கள் பெரியப்பா. நானும் இரண்டு ஆட்டத்தில் கத்தினேன். ஆனால் அந்த ஆண்டை யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது” என்றான்.

சென்ற ஆண்டு அந்த உடற்கல்வி ஆசிரியரின் முகவரியைப் பழைய மாணவன் ஒருவன் மூலம் தேடிப் பிடித்து ஓர் அஞ்சலட்டை எழுதினேன். வழிபாட்டுக் கூட்டத்தில் சொல்லாமல் விட்டதை எழுதினேன். கைபேசியில் பேசியிருக்கலாம், எழுதுவதே முறை என்று பட்டது. பத்து நாளில் பதில் வந்தது. நான் எழுதிய செய்தியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆடு மேய்க்கும் வீட்டுப் பையன் இப்போது அரியலூர்ச் சிமெண்டு ஆலை ஒன்றில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான் என்றும், ஞாயிறுதோறும் சிறுவர்களைச் சேர்த்து ஆடவைக்கிறான் என்றும் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி: அந்தச் சாய்ந்த கோல் கம்பத்தை நிமிர்த்திவிட்டார்களா?

அடுத்த வாரம் செந்துறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அவருக்கு எழுத வேண்டும்.